தண்ணி பார்க்க வர்றவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை ஆனா வேலூர்ல பாதி பேர் ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கற அமிர்திக்கும் ஜமுனாமரத்தூருக்கும் கிளம்பிடறாங்க. வாங்க, தாராளமா வாங்க. ஆனா வர்றவங்க ஏன் பாட்டிலை ஓடையில உடைச்சிட்டுப் போறீங்க?

போன வாரம் மலையடிவாரத்துல நாகநதி ஓடை ஓரமா உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி முழங்கால் தண்ணியில குனிஞ்சு, பீர் பாட்டில் சில்லை ஒண்ணொண்ணாப் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டிருந்தாங்க. பச்சைக் கண்ணாடி, பாசியில கலந்து கண்ணுக்கே தெரியல. "பசங்க வெறுங்கால்ல இறங்குதுங்க சாமி, ஆடும் இங்கதான் தண்ணி குடிக்குது"ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது.

இந்த நாகநதி வருஷக்கணக்கா வறண்டு கிடந்தது. 2014-லேர்ந்து கணியம்பாடி பக்கத்து ஊர்ப் பெண்கள் நூறுநாள் வேலையில குழி தோண்டி, உறை இறக்கி, மழைத்தண்ணியை நிலத்துக்குள்ள அனுப்பி அதை மீட்டாங்க. வெயில்ல மண்ணு சுமந்து கொண்டுவந்த தண்ணி இது. அதுல பிரியாணிப் பொட்டலத்தைக் கழுவி விடறதுக்கு எப்படி மனசு வருது?

மேல ஜவ்வாது மலையில சாமை விளையுற காட்டு ஓரத்துலயும் இதே கூத்துதான். காரை ஓடைக்குள்ளயே இறக்கிக் கழுவறாங்க, ஸ்பீக்கர் அலறுது. கேட்டா, "காசு குடுத்து வந்திருக்கோம்"ங்கறாங்க. பார்க்கிங்குக்குத்தானே குடுத்தீங்க? ஊரையா வாங்கினீங்க?

ஒரு பை கொண்டுவாங்க. காலி பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டுப் போங்க.