ரெண்டு காலண்டர் தொங்கும் வீடு

மூணாறு டீக்கடையில் நேற்று ஒரு கட்சிக்காரர்: "பொம்பளைங்க ஓட்டுக்கு என்னங்க, ஃபாதரும் பூசாரியும் கைகாட்டுற பக்கம் போயிரும்." நாலு பேர் தலையாட்டினார்கள். அதே பெஞ்சில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுச் சுவரில் ரெண்டு காலண்டர். யூனியன் கொடுத்தது அப்பாவுக்கு, மாரியம்மன் போட்டது அம்மாவுக்கு. தாத்தா சந்தா கட்டிய யூனியனில்தான் அப்பாவும் கட்டினார். யாராவது கட்சி மாறினால், வேதத்தில் (அதாவது கிறிஸ்தவத்தில்) சேர்ந்துவிட்ட மாதிரி பேசுவார். அம்மாவோ மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுத்த கையோடு மேட்டு மாதா கோவிலில் மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வருவாள். இதில் யாருக்கு மதப்பிடிப்பு அதிகம்?

அம்மா பேரிலும் சந்தா பிடித்தார்கள். ஆனால் யூனியன் கூட்டத்தில் பின்வரிசைதான், அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அதே அம்மா முளைப்பாரி எடுக்கும்போது முதல் ஆள். உட்கார இடம் கொடுத்த வீட்டுக்குத்தானே மனசு போகும்.

2015 செப்டம்பரில் தோட்டக் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது அந்தப் பின்வரிசைப் பெண்கள்தான் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பேர். எல்லாக் கட்சி யூனியன் தலைவர்களையும் கிட்டே வரவிடவில்லை. சிஎஸ்ஐ அக்கா, மாதா கோவில் சித்தி, எங்கள் அம்மா, ஒரே குடைக்குள். அப்பா வீட்டில் சோறு பொங்கினார் (குழைந்துபோனது). ஒன்பது நாளில் 20 சதவீதம் வந்தது. அப்புறம் அந்த ஒருமை உடைந்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், வயிற்றெரிச்சல் கதை.

சபரிமலையைச் சொல்வார்கள். எல்லா வயசுப் பெண்களும் போகலாம் என்ற 2018 தீர்ப்பு, அதையொட்டி இடதுசாரி அரசு பெண்களைக் கைகோத்து நிற்கவைத்த 2019 ஜனவரி 1 பெண்கள் மதில், அந்த வருஷமே மக்களவைத் தேர்தலில் 20க்கு 19 காங்கிரஸ் கூட்டணிக்கு. பக்தைகள் பழிவாங்கிவிட்டார்களாம். வயநாட்டில் ராகுல் நின்றதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். சரி, 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே இடதுசாரிகளுக்கு 140க்கு 99 வந்ததே, அதற்குள் ஐயப்பனை யாரும் மறந்துவிட்டார்களா என்ன?

கட்சி விசுவாசம் என்றதும் எனக்கு கேரளக் கம்யூனிஸ்ட் தலைவர் கௌரியம்மாதான் ஞாபகத்துக்கு வருவார். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது. கணவர் டி.வி. தாமஸ் சிபிஐயில் இருந்தார், இவர் மார்க்சிஸ்ட் பக்கம் போனார். புருஷன் போன வழியில் போகவில்லை. அப்படிப்பட்டவரை 1994இல் அதே கட்சி வெளியேற்றியது. 2021இல் ஜெயித்த 140 எம்எல்ஏக்களில் பெண்கள் 11 பேர். இட ஒதுக்கீடு இருப்பதால் பஞ்சாயத்தில் பாதி நாற்காலி நமக்கு. அது இல்லாத இடத்தில் இவ்வளவுதான். இந்த லட்சணத்தில் எங்களிடம் விசுவாசம் எதிர்பார்க்கிறார்கள்.

போன தேர்தலில் மூன்று கட்சிக்காரர்களும் சின்னம் போட்ட சீட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா மூன்றையும் மாரியம்மன் காலண்டருக்குப் பின்னால் செருகினாள்.

"யாருக்குடி போடப்போற?" என்றார் அப்பா.

"அடுப்புப் பத்தவைக்க ஆகும், இருக்கட்டும்" என்றாள்.