டிரையரின் பஞ்சு வலையை வழிப்பது பத்து வினாடி வேலை, அதைக்கூடச் செய்ய மாட்டீர்களா?

நேற்று இரவு பதினொரு மணி, வெளியே மழை கொட்டுகிறது, விடிந்தால் பள்ளிக்கூடம், பிள்ளையின் வெள்ளைச் சட்டை இன்னும் ஈரம். உடுப்புக் காயவைக்கிற டிரையர் ஒன்றரை மணித்தியாலம் ஓடியிருக்கிறது! கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கிறது, துவாய் கனக்கிறது. பஞ்சு பிடிக்கிற வலை பில்டரை இழுத்தேன். என் சுண்டுவிரல் தடிப்புக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. தலைமயிரும் பஸ் டிக்கெட் துணுக்கும் சேர்ந்து, உரித்தால் கம்பளி மாதிரி ஒரே துண்டாக வருகிறது.

எத்தனை தரம் சொல்லிவிட்டேன்! ஒவ்வொரு முறை உடுப்புக் காய்ந்ததும் அந்த வலையை எடுத்துக் கையால் வழித்துவிடுங்கள் என்று. இவர் சொல்கிறார், "மெஷின் பழசாப் போச்சு, வேற ஒண்டு வாங்குவம்" என்று. வாங்கி மூன்று வருஷம்தான்! காற்றுப் போக வழி இல்லாவிட்டால் ஈரம் எப்படி வெளியே போகும்? உள்ளேயே சுற்றும், சூடு ஏறும், ஓடும் நேரம் இரட்டிக்கும், கரண்ட் பில்லும் கூடவே ஏறும். அதைவிடப் பயங்கரம், அந்தப் பஞ்சு ஒரு தீக்குச்சிக்குப் பற்றக்கூடிய சாமான். அதைச் சூடான பெட்டிக்குள் அடைத்து வைத்துக்கொண்டு நாங்கள் அறைக்குள் நித்திரை கொள்கிறோம்!

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு உப்புக்கூடக் கசியும். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் கொடியில் போட்ட சாறம் இரண்டு நாளானாலும் காயாது, புளித்த மணம்தான் வரும். எங்கள் தொடர்மாடியில் பால்கனியில் உடுப்புப் போடவே விடமாட்டார்கள். இந்த மெஷினை விட்டால் எங்களுக்கு என்ன வழி?

சரி, வீட்டாரை மட்டும் ஏசி என்ன பயன். இன்று காலை மெஷினை முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன், வயிறு எரிந்தது. பூட்ட வந்த ஆட்கள் ஈரக்காற்றை வெளியே கொண்டுபோக மெல்லிய பிளாஸ்டிக் மடிப்புக் குழாயைப் போட்டு, சுவரோடு நசித்து, இரண்டு இடத்தில் வளைத்து விட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் ஈரப்பஞ்சு களி மாதிரி அப்பிக் கிடக்கிறது. அந்தக் காற்று வெளியேற வெளிச்சுவரில் இருக்கிற மூடி திறக்கவே இல்லை. அந்தக் குழாயை வருஷத்துக்கு ஒரு தரமாவது கழற்றித் துப்புரவாக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவர்கள் சொல்லவில்லை.

பில்டரைத் தண்ணீருக்குக் கீழே பிடித்தால் தண்ணீர் வலைக்குள்ளால் இறங்காமல் மேலே தேங்கி நிற்கிறது. வாசத்துக்கென்று உடுப்போடு போடுகிற தாள்களின் மெழுகு மாதிரிப் பூச்சுத்தான் வலையை அடைத்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்த பிறகுதான் தண்ணீர் இறங்கியது. இனி அந்தத் தாள் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

பின்னேரம் குழாய் வேலை செய்கிற பாஸ் வந்து வளையாத அலுமினியக் குழாய் போடுவார். பஞ்சுத் துண்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். இவரும் பிள்ளைகளும் வந்து பார்க்கும்வரை எடுக்க மாட்டேன்.