அந்த நகராட்சி அலுவலக நாட்களையும் எழுதுங்கள்
கமலா ஹாரிஸ் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தின் கோயிலுக்கு இரண்டு பத்தி கொடுத்துவிட்டு, 2000-இல் அவர் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்ததை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். அங்கே குடும்பம், குழந்தைகள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அடிபட்ட, கவனிப்பாரற்ற பிள்ளைகளின் வழக்குகள். தத்தெடுப்பு உறுதியாகும் நாளில் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கரடி பொம்மைகளோடு வந்து நின்றதை அன்றைய மேலதிகாரி பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். பேர் கிடைக்கிற வேலையே இல்லை அது! அப்புறம்தான் 2003 தேர்தலில், அதற்கு முந்தைய வேலையில் தன் மேலதிகாரியாக இருந்த டெரன்ஸ் ஹாலினனையே தோற்கடித்து மாவட்ட அட்டர்னி (குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அரசு வழக்கறிஞர்) ஆனார். செனட், துணை அதிபர் எல்லாம் அதற்கும் பிறகு. தமிழகத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் என்று நாம் பெருமைப்படுவது சரி, அதில் எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த பகுதியில் அந்த நகராட்சி வேலையைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.