ஃபார்வர்டு பண்ணினவருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால்...

"நான் எழுதலையே, வந்ததை ஷேர்தானே பண்ணேன்" என்று இன்னமும் நிறையப் பேர் சொல்கிறார்கள். எங்கள் வேளச்சேரி அபார்ட்மென்ட் குரூப்பில் நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். அந்தச் சாக்கு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் பகிர்ந்த வழக்கு அது. சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார், மன்னிப்பும் கேட்டார். ஒன்றைப் பகிர்வது அதை வழிமொழிவதற்குச் சமம் என்று சொல்லி முன்ஜாமீனை மறுத்தது நீதிமன்றம். 2024-ல் அவருக்கு ஒரு மாதச் சிறை, 15,000 ரூபாய் அபராதம் என்று தீர்ப்பும் வந்தது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

2023 மார்ச்சில் நடந்ததைப் பார்த்தோமே. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று எங்கோ எப்போதோ எடுத்த வீடியோக்களைக் காட்டி யாரோ கிளப்பிவிட, உண்மையா பொய்யா என்று ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல் ஊரே அதைத் தள்ளிவிட, இங்கே பிழைக்க வந்த பையன்கள் நடுங்கிப்போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

சரி, எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், மந்திரியைத் திட்டினான், தலைவரைக் கிண்டலடித்தான் என்று விடிவதற்குள் போய் ஒருவனைத் தூக்கிவரும்போதுதான். மந்திரிக்கு மைக் இருக்கிறது, பதில் சொல்லிக்கொள்ளலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இப்படித்தான் பயன்பட்டது, எரிச்சலூட்டினாலே குற்றம் என்றது அது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகும் நாட்டின் பல இடங்களில் போலீஸ் அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது, 2022-ல் மறுபடியும் உச்ச நீதிமன்றமே நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. நம் மாநிலத்தில் இன்னொன்றும் உண்டு: குண்டர் சட்டத்தில் 2014-ல் சைபர் குற்றவாளிகளையும் சேர்த்தார்கள். விசாரணையே இல்லாமல் ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். ஒரு பதிவுக்காக அதைக் கையில் எடுக்கலாம் என்பதே எனக்குப் பயமாக இருக்கிறது, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சரி.

2025 மார்ச்சில், ஒரு கவிதையைப் பதிவிட்டதற்காக காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மேல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லா ஸ்டேஷனிலும் ஒட்டிவைக்க வேண்டியது. மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்துப் புகார் என்றால் எஃப்ஐஆர் போடுவதற்கு முன்னால் முகாந்திரம் இருக்கிறதா என்று முதற்கட்ட விசாரணை நடத்துவதே சரி என்றது. அதற்குச் சட்டத்தில் 14 நாள் அவகாசமும் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர்களை வைத்து வார்த்தைகளை எடைபோடக் கூடாது என்றும் சொன்னது.

விடிவதற்குள் போய்த் தூக்கிவரும் அந்த வேகம் வேண்டியது வேறிடத்தில். படத்தை மார்ஃபிங் செய்து போட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், இது எங்கள் லிமிட் இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போம்மா என்கிறார்கள். 2024 ஜூலையிலிருந்து அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் பதிவு செய்துதான் ஆக வேண்டும். உங்கள் வீட்டுப் பெண்ணோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, அப்படித் திருப்பி அனுப்பினால் கிளம்பி வந்துவிடாதீர்கள், கூடவே இருவர் போய் நின்று புகாரை வாங்கச் சொல்லுங்கள்.