நடப்பதற்கு எதற்குக் காசு என்று கேட்ட அண்ணாவுக்கு

மார்பகப் புற்றுநோய்க்குக் காசு சேர்க்கிற ஒரு நடையில் நடக்கப் போகிறேன், உதவுங்கள் என்று, அதற்குப் போட நான் தைத்த பிராவின் படத்தோடு எங்கள் இணையக் குழுவில் எழுதினேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. குழுவில் இருக்கிற எல்லோரும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்களை வரிசையாகப் போட்டவர்களையும் நான் பார்த்தேன். "பகிடிக்குத்தானே சொன்னவர், பெரிதுபடுத்தாதே, குழுவை விட்டுப் போய்விடாதே" என்று இரவு தனியாகத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன அக்காமாருக்கு நன்றி. அதே அக்காமார் குழுவுக்குள் ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை.

"நடப்பதென்றால் பார்க்கில் போய் நடக்கலாம்தானே தங்கச்சி, அதற்கு ஏன் எங்களிடம் காசு?" இது முதலாவது. "அதுவும் உள்ளாடை தெரிய?" இது இரண்டாவது. இரண்டாவதைப் பிறகு பார்க்கிறேன். முதலாவது, கேட்கும்போது நியாயமான கேள்வி போலவே இருக்கிறது. அதனால்தான் கூடுதலாகக் கோபம் வருகிறது.

அண்ணா, சும்மா கேட்டால் நீங்கள் தரமாட்டீர்கள். அதனால்தான் நடக்கிறோம். விஷயம் அவ்வளவுதான்.

போன ஒக்டோபரில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று, நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் இதே குழுவில் ஒரு வேண்டுகோள் போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. போட்ட கையோடு ஒருவர் ரோஜாப்பூவுக்குள் காலை வணக்கம் எழுதிப் போட்டார். இன்னொருவர் முழங்கால் வலிக்கு வெந்தயம் என்று காணொளி போட்டார். என் வேண்டுகோள் மேலே போய் மறைந்துவிட்டது. ஒரு பென்ஸ் வரவில்லை. இந்த வருடம் கால் கொப்புளத்தைப் படம் எடுத்துப் போட்டேன், காசு வருகிறது. வேலையிடத்துப் போலந்துக்காரி தந்தாள். கதவைத் தட்டினால் திறக்கவே யோசிக்கிற பக்கத்து வீட்டுக் கிழவர் இருபது பவுண்டைக் கையில் வைத்தார். மனிதர்கள் அப்படித்தான். ஒருத்தி 42 கிலோமீட்டர் நடக்கிறாள் என்றால் கேட்கிற வாய்க்குத் துணிவு வருகிறது, கொடுக்கிற கைக்கு ஒரு சாட்டுக் கிடைக்கிறது. அந்தச் சாட்டுக்காகத்தான் நடக்கிறோம்.

தெரியாதவர்களுக்காக: இதன் பெயர் மூன்வாக். ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் லண்டன் தெருக்களில் இரவிரவாக நடக்கும் நடை. முழுத் தூரம் மரதன் தூரம், 26.2 மைல். அலங்கரித்த பிராவைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள். 1996இல் நீனா பரோ என்ற பெண் ஒரு சிறு குழுவைச் சேர்த்துக்கொண்டு நியூயோர்க் மரதனை இப்படி நடந்து, மார்பகப் புற்றுநோய்க்காகக் காசு சேர்த்தார். அதற்குப் பிறகு அவருக்கே அந்த நோய் இருப்பது தெரியவந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, வாக் த வாக் என்ற அமைப்பைக் கட்டினார். அந்த அமைப்புத்தான் இந்த நடையை நடத்துகிறது.

"வெள்ளைக்காரனின் அமைப்புக்கு ஏன் கொடுக்க வேண்டும், ஊரில் எத்தனை சனம் கஷ்டப்படுகிறது" என்று அடுத்ததாக ஒருவர் எழுதுவார். எழுதிவிட்டார். இதற்கு நான் நன்றாகவே பதில் வைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில், தெல்லிப்பளையில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலை எப்படி வந்தது என்று தெரியுமா? 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரைக்கும், 670 கிலோமீட்டர், 27 நாட்கள் சனம் நடந்தது. ஒரு தமிழரும் ஒரு சிங்களவரும் சேர்ந்து தொடங்கிய நடை. போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நடையில் சேர்ந்த காசில் கட்டியதுதான் அந்தக் கட்டடம். அதற்கு முன்பு ஒழுங்கான சிகிச்சை வேண்டுமென்றால் வடக்கில் இருந்து கொழும்புக்குப் பக்கத்தில், மஹரகமவில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கதிர்ச் சிகிச்சை என்றால் வாரக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். பிறகு 2016இல் பருத்தித்துறையில் இருந்து திரும்பத் தெய்வேந்திரமுனைக்கு நடந்தார்கள், காலி கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. நடந்தால் என்ன வரும் என்று கேட்டீர்களே அண்ணா. வைத்தியசாலை வரும். உங்கள் ஊரில் இருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் வந்திருக்கிறது.

ஊருக்குத்தான் கொடுப்பேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள். எனக்குத் தர வேண்டாம், தெல்லிப்பளைக்கு அனுப்புங்கள், பற்றுச்சீட்டைக் குழுவில் போடுங்கள், நான் எல்லோருக்கும் முதலில் கை தட்டுகிறேன். ஆனால் "ஊரில் கஷ்டப்படுகிற சனம்" என்பது இங்கே ஒருவரிடம் காசு கேட்கும்போது மட்டும்தான் சிலருக்கு ஞாபகம் வருகிறது. சாமத்தியவீட்டுக்கு ஹெலிகொப்டர் பிடிக்கும்போது அந்தச் சனம் எங்கே போகிறது என்று தெரியவில்லை.

"இங்கே வைத்தியம் இலவசம்தானே, அரசாங்கம் பார்க்கும்." இது இன்னொன்று. பார்க்கிறதுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. என் சின்னம்மாவை அரசாங்க வைத்தியசாலைதான் பார்த்தது. அங்கே இருந்த தாதிமாரை நான் கும்பிடுவேன். ஆனால் எல்லாவற்றையும் அரசாங்கம் வாங்கி வைப்பதில்லை. கீமோ மருந்து ஏறும்போது தலையைக் குளிர்விக்கிற கருவி ஒன்று இருக்கிறது. தலைத்தோல் குளிர்ந்தால் இரத்த ஓட்டம் குறையும், மயிர்வேருக்குப் போகிற மருந்தும் குறையும், முடி கொட்டுவதும் குறையும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. இந்த நாட்டு வைத்தியசாலைகளுக்கு அதை வாங்கிக் கொடுத்தவர்களில் இந்த நடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

சின்னம்மாவுக்கு அதை முதல் தடவை வைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். தலைமயிரை நனைத்து, கண்டிஷனர் பூசி, பின்னால் வாரிவிட்டு, இறுக்கமான தொப்பியை மாட்டி, நாடிக்குக் கீழே பட்டியை இழுத்துப் பூட்டினார் தாதி. முதல் கால்மணி நேரம் பல்லோடு பல் அடித்தது. "நுவரெலியாவுக்கு வந்த மாதிரி இருக்கிறது பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு என் கையை விடாமல் பிடித்திருந்தா. இடுப்புக்குக் கீழே வருகிற பின்னல் அது. பாதிக்கு மேல் தப்பியது. கோவிலுக்குப் போகலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் அவவுக்கு அதில் பெரிய ஆறுதல். இந்தக் கருவி நடந்தவர்கள் சேர்த்த காசில் வந்தது என்று அந்தத் தாதி சொன்னபோதுதான் இப்படி ஒரு நடை இருப்பதையே நான் கேள்விப்பட்டேன்.

ஒருவரும் கேட்கமாட்டார்கள். எங்கள் பிரச்சினையே அதுதான்.

இந்த நாட்டில் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே படம் எடுக்க வரச்சொல்லிக் கடிதம் வரும். சின்னம்மாவுக்கும் வந்தது. உடைக்காமலே சாமித்தட்டுக்குக் கீழே இருக்கிற லாச்சியில், பழைய பஞ்சாங்கத்தோடு வைத்திருந்தா. அங்கே ஆண் டொக்டர் இருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம். அந்தப் படத்தை எடுப்பவர்கள் எல்லோரும் பெண்கள்தான் என்று யார் அவவுக்குச் சொன்னார்கள்? பிறகு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாததால் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டா. பெரும்பாலும் நோகாது என்பதையும் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குள் மகளுக்குக் கலியாணப் பேச்சு வந்துவிட்டது. தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் விலகிப்போவார்கள் என்று, பேச்சு முடியும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பரம்பரையாக வருவது நூற்றில் ஐந்தோ பத்தோதான். ஆனால் கலியாணச் சந்தையில் அந்தக் கணக்கு யாருக்கு வேண்டும்?

கலியாணம் நன்றாகத்தான் நடந்தது. வந்து சாப்பிட்டீர்கள். செத்தவீட்டுக்கும் வந்தீர்கள். மரண அறிவித்தலில் "சுகவீனம் காரணமாக" என்று போட்டோம். அதற்குமேல் போடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மண்டப வாசலில் ஆளுயர மலர்வளையங்கள் சாத்தி வைத்திருந்தன. ஒவ்வொன்றும் எத்தனை பவுண்ட் என்று எனக்குத் தெரியும், பூக்கடைக்குத் தொலைபேசி எடுத்தது நான்தான். அன்றைக்கு ஒருவரும் எதற்குக் காசு என்று கேட்கவில்லை. செத்தபிறகு கொடுப்பதற்கு நாங்கள் ஒருநாளும் கணக்குப் பார்ப்பதில்லை.

சரி, உள்ளாடைக்கு வருகிறேன். முதலாவது, கறுப்பு முழுக்கைச் சட்டைக்கு மேலேதான் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறேன். இதை விளக்கமாக எழுதியதும் ஏன் எழுதினேன் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. சட்டை இல்லாமல் நடந்தாலும் உங்களுக்கு என்ன? ஈலிங் அம்மன் கோவில் தேருக்கு இந்த லண்டன் தெருவில் மேற்சட்டை இல்லாமல், தொந்தி குலுங்க வடம் பிடிக்கிற அண்ணாமாரை நாங்கள் பக்தியோடுதானே பார்க்கிறோம்? யாராவது சிரித்த முகம் போட்டோமா?

இரண்டாவது, அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. அது சின்னம்மாவின் மாம்பழ நிறக் காஞ்சிபுரச் சேலைக் கரை. அவவின் மகள் தானாகவே வெட்டிக் கொண்டுவந்து தந்தாள். வெட்டிய இடத்தில் சரிகை பிரிந்து பிரிந்து வந்தது. பஞ்சு வைத்த வளைவில் துணி படியாமல் மடிப்பு மடிப்பாகக் குவிந்தது. இரண்டு ஊசி முறிந்தது. கடைசியில் கரையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒன்றின் ஓரத்தில் மற்றதை ஏற்றித் தைத்தபிறகுதான் படிந்தது. அவளும் நானும் சமையலறை மேசையில் இருந்து தைத்தோம். தைக்கும்போதுதான் தன் அம்மாவின் வருத்தத்தைப் பற்றி அவள் முதன்முதலாக வாய்திறந்து கதைத்தாள். அந்தப் படத்துக்குத்தான் நீங்கள் சிரித்தீர்கள். அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பதை யோசித்தீர்களா?

ஆண்களுக்கும் இந்த நோய் வரும் அண்ணா. இந்த நாட்டில் வருடத்துக்குச் சில நூறு ஆண்களுக்கு வருகிறது. பயமுறுத்தவில்லை. தகவலுக்குச் சொன்னேன்.

"நன்கொடைக் காசில் பாதி சம்பளத்துக்குப் போய்விடும்" என்பவர்களுக்கு: கணக்கறிக்கைகள் அறக்கட்டளை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கவே இருக்கின்றன. போய்ப் பாருங்கள். பார்க்கமாட்டீர்கள் என்று தெரியும்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு திரிய முடியவில்லை. இராப்போசன விருந்தில் இரண்டு நிமிடம் தாருங்கள், மேடையில் கேட்கிறேன் என்றேன். நிகழ்ச்சிநிரல் நிறைந்துவிட்டது என்றார்கள். போனேன். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் அரைமணி நேரம் இருந்தது. அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்க மேசை மேசையாகப் பிள்ளைகளை அனுப்பினார்கள், எல்லோரும் வாங்கினார்கள், நானும் வாங்கினேன். தொலைக்காட்சிப் பெட்டி விழுமென்றால் காசு கேட்பது கேவலமில்லை.

நான் பிச்சை கேட்கவில்லை. சும்மா கேட்டால் தரமாட்டீர்கள் என்று தெரிந்து, வேலை முடிந்து வந்து, அல்பேர்ட்டன் பக்கம் வாய்க்கால் கரையில் மழைக்குள்ளும் நடந்து பழகிவிட்டுக் கேட்கிறேன். என்னோடு நடக்கிற அக்கா ஒருவருக்கு அறுபது தாண்டிவிட்டது, இரண்டு முழங்காலிலும் பட்டி கட்டிக்கொண்டு வருகிறா. தர விருப்பமில்லை என்றால் தர வேண்டாம். பேசாமல் இருங்கள். பேசாமல் இருப்பது எங்களுக்குப் புதிதா என்ன? கடிதம் லாச்சிக்குள் கிடந்தபோது எல்லோரும் பேசாமல்தானே இருந்தோம்.

இணைப்பு கீழே, முதலாவது கருத்தில் இருக்கிறது. ஐந்து பவுண்டும் காசுதான். வரி கட்டுகிறவர் என்றால் கிஃப்ட் எய்ட் பெட்டியில் அடையாளம் போடுங்கள். நீங்கள் தருகிற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். (வரி கட்டுகிறவரா என்று கேட்கிற இடத்தில் நம்மவர் சிலர் பக்கத்தையே மூடிவிட்டார்கள் என்று கேள்வி. அந்தப் பெட்டியை விட்டுவிட்டும் தரலாம்.) பெயரை மறைத்துத் தரவும் வசதி இருக்கிறது. அது அண்ணாவுக்கும் பொருந்தும், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் திரும்பவும் போடுவேன், அதே படத்தோடு. நீக்க வேண்டுமென்றால் நிர்வாகி நீக்கட்டும்.