பலகை அழகாகத்தான் இருக்கிறது

நம் ரப்பர் தோட்டத்துக் கோயில் முகப்பில் வைத்த புதுப் பலகையைப் பற்றி நான் போட்ட இரண்டு வரிக் கமெண்டுக்கு இவ்வளவு திட்டா? சரி, விளக்கமாகவே சொல்கிறேன்.

பலகை அழகு. கறுப்புக் கல், தங்க எழுத்து, ஓரத்தில் மயில். கோயிலுக்கு '300 ஆண்டுப் பழமை' என்று அதில் எழுதியிருப்பது மட்டும் பொய். சிங்கப்பூருக்கு ரப்பர் கன்று வந்து இறங்கியதே 1877இல். அதில் சிலதை நமக்குப் பக்கத்தில், பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நட்டார்கள். மரமே வராத காலத்தில் பால்மரத் தோட்டத்துக் கோயில் எங்கிருந்து வந்தது?

'நம்புகிறவர்களுக்கு அது உண்மை' என்கிறார் ஓர் அண்ணன். நான் நம்புவதால் கோயில் கட்டிய நாள் பின்னால் நகர்ந்துவிடுமா? அதே 1877இல்தான் கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு கப்பல் முதலாளியின் கதையை எழுதினார். ஓட்டைக் கப்பல். போய்ச் சேர்ந்துவிடும் என்று மனசாரத் தன்னையே தேற்றிக்கொண்டு ஆட்களை ஏற்றி அனுப்புகிறார், மூழ்கிவிடுகிறது. கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்ட், விசாரிக்காமல் நம்பியதற்காக. ஒரு பலகைக்குக் கப்பல் கதையா என்பீர்கள். ஆமாம், கப்பல்தான்.

இன்னொரு தம்பி ஆங்கிலக் கவி கீட்ஸை இழுத்து வந்தார்: 'அழகே உண்மை, உண்மையே அழகு.' 1819இல் எழுதிய கவிதை. அதில் அப்படிப் பேசுவது ஒரு ஜாடி, தம்பி.

வள்ளுவரே பொய்மையும் வாய்மையிடத்த என்றாரே? 'புரைதீர்ந்த நன்மை' வந்தால் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். இங்கே என்ன நன்மை? நன்கொடை ரசீதுப் புத்தகம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

என் பாட்டி இதே தோட்டத்தில் மரம் வெட்டியவர், அதாவது பாலுக்காகப் பட்டை சீவியவர். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, தன் மர வரிசைக்கு, போகும்போது முனியாண்டி முன்னால் நடப்பார், சுருட்டு வாசனை வரும் என்பார். ஒரு நாளும் நான் மறுத்ததில்லை. அது அவருக்குத் துணை. யாரிடமும் அதைக் காட்டிக் காசு கேட்கவில்லை. கோயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எங்கப்பா ஆத்துல கெடந்த கல்லத் தூக்கியாந்து மரத்தடியில வச்சாரு. மஞ்சளுக்குக் காசில்ல, செம்மண்ணக் குழைச்சுப் பூசினாரு" என்பார். இதைவிடவா அந்தத் தங்க எழுத்து அழகு?

அந்தக் கல் இப்போது பின்பக்கக் குழாயடியில் கிடக்கிறது. பலகைக்கு இடம் வேண்டுமாம். கேட்டால், நான் 'சாமியே இல்லை' என்கிறவனாம். 11 வருஷம் தீ மிதித்த கால் இது.

என் கமெண்டை அழித்துவிட்டீர்கள். இருக்கட்டும். ஞாயிறு காலை அந்தக் கல்லைக் கழுவப் போகிறேன். செம்மண் நான் கொண்டுவருகிறேன், யாராவது ஒரு வாளி எடுத்து வாருங்கள்.