சதுர அடி போடாத நோட்டீஸ் வீண் செலவு

"பேப்பர் விளம்பரம் இப்போ எடுபடாது" என்று மனை, வீடு விற்றுத் தரும் தரகர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊர் முழுக்க இறைத்து, விவரத்தை மறைத்து அடித்தால் எடுபடாதுதான். ஒரே ஏரியாவுக்கு, முழு விவரத்தோடு அடித்தால் இன்றைக்கும் ஆள் வரும்.

வரி விளம்பரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "தாம்பரம் அருகே அருமையான மனை, குறைந்த விலை, உடனே அழைக்கவும்." இதற்கு நாள் முழுக்க போன் வரும். ஒவ்வொருவரிடமும் எங்கே, எவ்வளவு, எந்தத் திசை என்று முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கும். பாதிப் பேர் விலையைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். அதே இடத்தில் "மாடம்பாக்கம், கிழக்கு பார்த்த மனை, 30×40, 1200 ச.அ., 30 அடி ரோடு, சி.எம்.டி.ஏ. அப்ரூவல், தனிப்பட்டா" என்று போட்டு, விலையையும் சேர்த்துப் பாருங்கள். போன் குறையும். ஆனால் அழைப்பவர் மனை பார்க்க வருவார்.

அளவை அந்த ஊர்க் கணக்கிலும் சொல்ல வேண்டும். 1200 சதுர அடி சென்னைக்காரருக்கு அரை கிரவுண்டு; சென்ட் கணக்கில் பேசும் ஊர்களில் இரண்டே முக்கால் சென்ட். தூரத்தைக் கிலோமீட்டரில் போடுங்கள். "பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்" என்பது நடையில் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, பைபாஸில் காரில் போனால் பத்து கிலோமீட்டர். நடக்கும் தூரம் என்று நம்பி வந்தவர் இடத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸில்தான் காசு அதிகம் வீணாகிறது. அச்சகத்துக்குப் போவதற்கு முன் பேப்பர் ஏஜென்ட்டைப் பாருங்கள். எந்தெந்தத் தெரு, எந்த லைனில் (ஒரு பையன் பேப்பர் போடும் தெருக்கள்) எத்தனை பேப்பர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் அடியுங்கள். 3000 பேப்பர் போடுகிறவரிடம் 5000 நோட்டீஸ் கொடுத்தால் மிச்சம் 2000 எடைக்குத்தான் போகும். முதல் நாள் மாலையே 100, 100 ஆகக் கட்டி, லைன் வாரியாகப் பெயர் எழுதிக் கொடுங்கள். விடியற்காலையில் பையன்கள் அவசரத்தில் செருகுவார்கள்; வழவழப்பான ஆர்ட் பேப்பர் வழுக்கி வாசலிலேயே விழுந்துவிடும். ஏ5 அளவில் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ, அதாவது வழவழப்பில்லாத சாதாரணத் தாள் போதும். ஆயிரம் தாள் சுமார் 2.2 கிலோ; 130 ஜிஎஸ்எம் என்றால் நான்கு கிலோ. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். துணிக்கடை, நகைக்கடை நோட்டீஸ்களோடு உங்களுடையதும் கட்டாக உதறப்படும். சனிக்கிழமை வைத்தால் ஞாயிறு குடும்பத்தோடு இடம் பார்க்க வருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் விசாரிப்பு வரும், அட்வான்ஸ் பெரும்பாலும் அடுத்த மாதம் பிறந்துதான். அந்த இரண்டு மாதத்தில் பெரிய செலவு செய்யாதீர்கள்.

அச்சகத்திலிருந்து புரூஃப் (சரிபார்க்கும் மாதிரித் தாள்) வந்ததும் அதில் இருக்கும் போன் நம்பரை அதைப் பார்த்தே அழுத்திக் கூப்பிடுங்கள். கண்ணால் படித்தால் பழகிய நம்பர் சரியாகவே தெரியும். கியூஆர் கோடு இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு இருக்கட்டும். பத்திரிகைத் தாளில் மை பரவிச் சின்னக் கட்டங்கள் ஒட்டிக்கொள்ளும்.

பழைய ஃபிளாட் என்றால், சென்னையில் மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் மாதிரி ஏரியா வார இதழ்கள் பெரிய தினசரியை விட எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன. வாங்குபவர் பெரும்பாலும் நாலு தெரு தள்ளித்தான் இருப்பார். விளம்பரத்தில் யூடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு சேரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, கட்டாயம் வேண்டும். 900 சதுர அடி ஃபிளாட்டுக்கு நிலப் பங்கு 450-ஆ, 250-ஆ என்பதில்தான் விலையே இருக்கிறது.

புது லேஅவுட், புது அடுக்குமாடி என்றால் சட்டம் முன்னால் நிற்கிறது. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 3-வது பிரிவுப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவுக்கு முன் விளம்பரம் செய்யவே கூடாது. மீறினால் புரமோட்டருக்குத் திட்டத்தின் உத்தேசச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். பதிவில்லாத திட்டத்தை விற்றுக் கொடுக்கும் தரகருக்குத் தனியாக, நாளொன்றுக்கு 10,000 ரூபாய் உண்டு. "ரெரா விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று அடிப்பது பாதுகாப்பு ஆகாது. கட்டடக்காரர் வற்புறுத்தினாலும் எண் கைக்கு வரும்வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. அட்வான்ஸ் கொடுக்க வைத்த நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் தவறான தகவல் இருந்து, அதை நம்பி நஷ்டப்பட்டால், ரெரா திட்டம் என்றால் அதே சட்டத்தின் 12-வது பிரிவில் இழப்பீடு கேட்கலாம். வந்த தேதியைப் பின்பக்கம் எழுதி, அட்வான்ஸ் ரசீதோடு பின் பண்ணி வையுங்கள்.